கிரீன் டீ கேப்சூலா, கோப்பையா, கட்டன் சாயாவா? எடை குறைக்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மருந்துக்கடைத் தட்டில் கிரீன் டீ இப்போது இரண்டு வேடத்தில் நிற்கிறது. ஒன்று தேயிலைப் பை, இன்னொன்று அறுபது கேப்சூல் அடைத்த டப்பா. நாகர்கோவிலில் இருந்தும் மார்த்தாண்டத்தில் இருந்தும் வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கேள்விதான்: "அந்தக் கசப்பைக் குடிக்க முடியல. கேப்சூல் போட்டா அதே பலன்தானே?"

அதே பலன் இல்லை, அதே ஆபத்தும் இல்லை. கேள்வியில் விடுபட்டுப்போன வழிகளும் இருக்கின்றன: பாலும் சீனியும் சேராத கட்டன் சாயா, சோற்றிலும் தேங்காயிலும் செய்யும் மாற்றம், மருத்துவர் எழுதித் தரும் மருந்து. ஐந்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், மூன்று மாதத்தில் எத்தனை கிலோ இறங்கும்? இதை எப்போதும் "ஒன்றும் போடாதவரைவிட எத்தனை கிலோ" என்று கேட்க வேண்டும். எடை குறைக்க வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டாலே பலகாரம் கொஞ்சம் குறையும். ஆய்வுகளில் வெறும் மாவு அடைத்த கேப்சூல் போட்டவர்களுக்கும் சிறிது இறங்குவது அதனால்தான்.

இரண்டாவது, கல்லீரலோடும் ரத்தத்தோடும், ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளோடும் அது எப்படி ஒத்துப்போகிறது. மூன்றாவது மாதச் செலவு. கண்காணிப்புக்கான ரத்தப் பரிசோதனையும் இந்தக் கணக்கில் வரும். நான்காவதைக் கடையில் யாரும் கேட்பதில்லை, எங்கள் கணக்கில் அதுதான் பெரியது: வாங்குகிற பொருள் உங்கள் அன்றாடச் சாப்பாட்டிலிருந்து எதை வெளியே தள்ளுகிறது? கடைசியாக, ஒரு வருஷம் தொடர முடியுமா, நிறுத்தினால் என்ன ஆகும்.

தொடங்கும் முன் உங்கள் பிஎம்ஐ எண்ணை (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது) தெரிந்துகொள்ளுங்கள். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தொட்டால் அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன் என்று இங்குள்ள மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். உலகப் பொது அளவான 25, 30 நமக்குப் பொருந்தாது, ஏனென்றால் நமக்கு அதற்கு முன்பே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது. இடுப்பளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. சேலைக்கட்டுக்கு மேலோ பேண்ட் இடுப்பிலோ அளந்தால் எண் தப்பாக வரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் பிஎம்ஐ 25-ஐ எட்டியோ தாண்டியோ இருந்தார்கள். அதாவது இது ஒரு வீட்டின் பிரச்சினை இல்லை.

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ, பிஎம்ஐ 30. எடையில் 5 சதவீதம் என்றால் 3.6 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கத் தொடங்குவது ஏறத்தாழ அந்த அளவில்தான். ஒவ்வொரு வழியும் இவரை அந்த 3.6 கிலோவுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோகிறது என்று பார்ப்போம்.

## கேப்சூல்

தேயிலையில் கேட்டச்சின் என்ற வகைப் பொருள்கள் உண்டு. அவற்றில் வலுவானது இஜிசிஜி. உடலை முடுக்கிவிடும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சிதைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது, கேஃபீனும் கூடச் சேர்ந்தால் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிகிறது. விளம்பரம் இந்த இடத்தில் நின்றுவிடும். மனிதர்களிடம் தராசு வைத்துப் பார்த்தபோது என்ன கிடைத்தது என்பது வேறு கதை.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அதிக எடையும் பருமனும் உள்ளவர்களிடம் குறைந்தது 12 வாரம் நடந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில் கிரீன் டீ தயாரிப்பு எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சராசரி வித்தியாசம் 0.04 கிலோ. நாற்பது கிராம், அதாவது இரண்டரை மேசைக்கரண்டித் தண்ணீர். ஜப்பானிய ஆய்வுகளில் 0.2 முதல் 3.5 கிலோ வரை வந்தது. ஆனால் அவை ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டவை, சேர்த்துச் சராசரி போட முடியவில்லை. 2009-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு சராசரியாக 1.3 கிலோ என்றது. அதிலேயே ஒரு குறிப்பும் இருந்தது: வழக்கமாகக் கேஃபீன் அதிகம் எடுப்பவர்களுக்குப் பலன் குறைவு. நாளுக்கு நான்கைந்து சாயா குடிக்கிற ஊரில் இந்தக் குறிப்பை அடிக்கோடிட்டு வைக்க வேண்டும்.

மிக நன்றாக நடத்தப்பட்ட ஆய்வு என்றால் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்ததைச் சொல்லலாம். மாதவிடாய் நின்ற 1,075 பெண்கள், நாளுக்கு 843 மி.கி. இஜிசிஜி, முழுசாகப் பன்னிரண்டு மாதம். அதில் அதிக எடையுள்ள பெண்களைத் தனியே அளந்தபோது உடற்கொழுப்பில் குறைவு தெரியவில்லை. ஆனால் கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் உயர்வு கேப்சூல் போட்டவர்களில் 6.7 சதவீதம் பேருக்கு வந்தது. போலிக் கேப்சூல் போட்டவர்களில் 0.7 சதவீதம் பேருக்குத்தான். தொடங்கும்போது ஏறக்குறைய எல்லோருக்கும் கல்லீரல் சரியாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாளுக்கு 800 மி.கி. இஜிசிஜியும் அதற்கு மேலும் கேப்சூல் வழியாகப் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்படுகின்றன என்று சொன்னது. அங்கே 2022-இல் வந்த விதி, நாள் அளவு 800 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என்கிறது. இதே தேயிலைச் சாற்றில் செய்த ஒரு எடைக்குறைப்புத் தயாரிப்பை பிரான்சும் ஸ்பெயினும் 2003-லேயே சந்தையிலிருந்து எடுத்துவிட்டன.

### டப்பாவைப் படிக்கும் விதம்

முகப்பில் பெரிதாக "கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி." என்று இருக்கும். அது சாற்றின் எடை. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் "இஜிசிஜி 50%" என்று இருந்தால் ஒரு கேப்சூலில் 250 மி.கி. நாளுக்கு இரண்டு என்றால் 500. "பாலிஃபீனால் 90%" என்று மட்டும் போட்டிருந்தால் இஜிசிஜி எவ்வளவு என்று உங்களால் கணக்குப் போடவே முடியாது. அப்படிப்பட்ட டப்பாவைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவது நல்லது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். "மருந்து" என்று சொல்லி விற்கப்படுகிற பொருளிலேயே இந்த வாசகம் இருப்பதைக் கவனியுங்கள்.

### எங்கே தப்பு நடக்கிறது

வெறும் வயிற்றில் போடுவதில்தான் முதல் தப்பு. "காலையில வெறும் வயித்துல போட்டா நல்லா எரிக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பட்டினியில் போடும்போது ரத்தத்தில் ஏறும் இஜிசிஜி சாப்பாட்டோடு போடுவதைவிடப் பல மடங்கு. பத்தியம் இருந்துகொண்டே கேப்சூல் போடுகிறவர் தெரியாமலே அளவைக் கூட்டிக்கொள்கிறார்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தப்பு. கேப்சூல் தொடங்கி ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் பசி போய், சிறுநீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறி, கண் மஞ்சளாகிறது. வீட்டில் உடனே கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், அல்லது காமாலைக்கு மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் போவார்கள். கேப்சூலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அது "சாயாதானே". அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இந்த வகைப் பாதிப்பில் பெரும்பாலானவர்கள் கேப்சூலை நிறுத்தினாலே தேறிவிடுகிறார்கள். நிறுத்தாமல் போனவர்களில் சிலருக்குக் கல்லீரல் முழுக்கக் கெட்டு மாற்று அறுவை வரை போயிருக்கிறது. யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு, அதனால் "பக்கத்து வீட்டுல ஒரு வருஷமா போடறாங்க, ஒண்ணும் ஆகல" என்பது உங்களுக்கான உத்தரவாதம் ஆகாது.

பருமன் உள்ளவர்களில் பலருக்கு ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு இருக்கும். ஆகவே கேப்சூல் போட்டே தீருவேன் என்பவர் தொடங்கும் முன் ஒரு எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை), ஆறு வாரத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும். எஸ்ஜிபிடி தொடக்கத்திலேயே கூடியிருந்தால் தொடங்கக் கூடாது. இந்தப் பரிசோதனைச் செலவை டப்பா விலையோடு சேர்த்துப் பாருங்கள். காசநோய் மாத்திரை எடுப்பவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், இதய வால்வு அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தொடவே கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நாடோலால் என்ற மருந்தின் ரத்த அளவைக் கிரீன் டீ பெருமளவு குறைத்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது.

உதாரணப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் கேப்சூல் தருவது: நல்ல நாளில் ஒரு கிலோ, பெரும்பாலும் நாற்பது கிராம். சாப்பாட்டிலிருந்து வெளியே தள்ளுவது: எதுவுமில்லை. சில நேரம் எதிர்மாறாகவும் நடக்கும். கேப்சூல் போட்டாயிற்று என்ற தைரியத்தில் சாயங்காலம் ஒரு பழம்பொரி கூடுதலாக உள்ளே போகும்.

## கலவைக் கேப்சூல், பொடி, ஷேக்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கிரீன் டீயோடு கார்சீனியா சேர்த்த கேப்சூல்கள் நிறைய வருகின்றன. கார்சீனியா வேறொன்றுமில்லை, நம் மீன்குழம்பில் போடுகிற குடம்புளிதான். 1998-இல் 135 பேரிடம் 12 வாரம் அதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். போலிக் கேப்சூலோடு ஒப்பிட எடையில் வித்தியாசம் இல்லை. குழம்பில் இரண்டு துண்டு போடுவது சமையல். அதே பொருளைச் செறிவாக்கிக் கேப்சூலில் அடைத்தபோது கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன, கிரீன் டீ சாறு கூட இருக்கும்போதும்.

மாதம் ஐந்து கிலோ என்று சொல்லி லேபிள் இல்லாமலோ இணையத்திலோ வருபவற்றில் இன்னொரு பயம்: சிபுட்ரமின். இதய ஆபத்துக்காக இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்ட மருந்து இது. "மூலிகை" எடைக்குறைப்புப் பொருள்களில் இது மறைவாகக் கலந்திருப்பதை அமெரிக்க அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். ஒரு "மூலிகை" போட்டதும் பசியே எடுக்காமல், வாய் வறண்டு, நெஞ்சு படபடத்தால் அது வேலை செய்கிறது என்று மகிழ வேண்டாம். உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

## கிரீன் டீ, கோப்பையில்

ஒரு கோப்பையில் சுமாராக 50 முதல் 100 மி.கி. இஜிசிஜி. மூன்று கோப்பை குடித்தாலும் 300-ஐச் சுற்றியே நிற்கும், அதுவும் ஒரே மூச்சில் இல்லாமல் நாள் முழுக்கப் பரவிப் போகும். வடித்துக் குடிக்கும் தேயிலைக்குக் கல்லீரல் ஆபத்து பொதுவாக இல்லை என்று சொல்லப்படுவது இதனால்தான். எடையில் நேரடிப் பலன் கேப்சூலைப் போலவே சொற்பம். ஆனால் கோப்பைக்கு ஒரு மறைமுகப் பலன் உண்டு: அது இன்னொரு கோப்பையின் இடத்தைப் பிடிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கடைச் சாயா ஒன்றில் 75 மி.லி. பால், இரண்டு கரண்டி சீனி என்றால் 90 கலோரி. நாளுக்கு நான்கு குடிக்கிற நம் உதாரணப் பெண் அதில் இரண்டை வெறும் கிரீன் டீயாக மாற்றினால் 180 கலோரி மிச்சம். மூன்று மாதத்தில் 16,200. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பழைய வாய்ப்பாட்டில் இரண்டு கிலோ. உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், ஆகவே பாதி என்றே வைப்போம்: ஒரு கிலோ. கேப்சூல் தன் நல்ல நாளில் தருவதை இது சாதாரண நாளில் தருகிறது, கல்லீரலைத் தொடாமல்.

கெடுப்பது எது? தேன். மார்த்தாண்டம் தேன் வீட்டில் இருக்கிறது, சீனி இல்லை, இயற்கையானது என்று கோப்பைக்கு இரண்டு கரண்டி விடுவார்கள். ஒரு கரண்டி தேன் சுமார் 20 கலோரி. இரண்டு கோப்பைக்கு 80. மிச்சம் பிடித்ததில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போச்சு.

கசப்பு தாங்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் போடும் விதத்தில் தவறுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் பையைப் போட்டு, அதை எடுக்காமலே குடிக்கிறார்கள். சரியான முறை இது: தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். 80 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். 200 மி.லி.க்கு 2 கிராம் இலை அல்லது ஒரு பை. இரண்டு முதல் மூன்று நிமிடம், பிறகு எடுத்துவிட வேண்டும். பையைப் பிழியக் கூடாது, கடைசித் துவர்ப்பெல்லாம் அந்தப் பிழியலில்தான் வரும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு சுவையை மாற்றும்.

மறைவான செலவு இரும்புச்சத்தில் இருக்கிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பயறு, அரிசியில் உள்ள இரும்பைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழியட்டும். இரும்பு மாத்திரைக்கும் சாயாவுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. தைராய்டுக்கான தைராக்ஸின் மாத்திரை போடுகிறவர்கள் அதைத் தண்ணீரில் விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எந்தச் சாயாவும். மாலை நான்கு மணிக்குப் பிறகு குடித்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், போட்ட கணக்கெல்லாம் தலைகீழாகும்.

## கட்டன் சாயா

இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, அதனால் ஒப்பீட்டுப் பட்டியல்களில் இடம்பெறுவதும் இல்லை. குழித்துறைப் பக்கம் எந்தச் சாயாக்கடையிலும் கிடைக்கும். சீனி போடாமல் குடித்தால் கிரீன் டீயின் அந்த 180 கலோரிக் கணக்கு அப்படியே இதற்கும் பொருந்தும். இஜிசிஜி குறைவு, ஏனென்றால் இலையைப் புளிக்கவைக்கும்போது கேட்டச்சின்கள் வேறு பொருள்களாக மாறிவிடுகின்றன. அந்த இஜிசிஜியால் கிடைப்பதே நாற்பது கிராம்தான் என்னும்போது இழப்பு பெரிதில்லை.

விலையில்தான் வித்தியாசம். 25 பை உள்ள கிரீன் டீ பெட்டி 160 ரூபாய் என்று வைத்தால் கோப்பைக்கு 6.40. நாளுக்கு மூன்று என்றால் மாதம் 576. கால் கிலோ தேயிலைத்தூள் 100 ரூபாய் என்று வைத்தால் கோப்பைக்கு 2 கிராம் போட்டு 125 கோப்பை, கோப்பைக்கு 80 காசு, மாதம் 72. கிரீன் டீயின் சுவை பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். எடைக்காக மட்டும் என்றால் அந்த 500 ரூபாய்க்கு மீன் வாங்கலாம்.

சீனியைத் திடீரென நிறுத்த முடியாதவர்கள் இரண்டு கரண்டியை ஒன்றரை, ஒன்று, அரை என்று வாரத்துக்கு ஒரு படி இறக்குங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். கருப்பட்டிக்கு மாறுவது ருசிக்குச் சரி, கலோரிக்கு அது சீனிதான்.

## சோறு, தேங்காய், நடை

நம் சமையலில் கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் முதல் இடம் தேங்காய்க்கு. அவியல், தீயல், துவரன், அரைத்துவிட்ட மீன்குழம்பு எல்லாவற்றிலும் அது உண்டு. தேங்காய்த்துருவல் 50 கிராம் 175 கலோரி. எண்ணெய் தனி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தேங்காயெண்ணெய் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கலோரிக்கு மேல். இரண்டு லிட்டராக்கினால் சுமார் 140. எண்ணெயை மாதத் தொடக்கத்திலேயே இரண்டு லிட்டர் மட்டும் வாங்கிவைப்பது, கரண்டிக் கணக்குப் பார்ப்பதைவிட எளிது.

துருவலை முழுதாக விலக்கச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. ஒரே வேளையில் தேங்காய் அரைத்த குழம்பு, தேங்காய் போட்ட துவரன், தேங்காய்த் துவையல் மூன்றும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். புளிக்கறியோ ரசமோ வைக்கிற நாளில் அவியல். அரைத்த குழம்பு வைக்கிற நாளில் தேங்காய் இல்லாத பொரியல்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கால் கிலோ அவித்தால் 400 கலோரி. அதை 150 கிராமாக்கி, சாளை (மத்தி) மீன்கறியில் இரண்டு மீன் கூட்டிக்கொண்டால் வயிறு அதே நேரம் நிற்கும், புரதமும் கூடும். மீனைப் பொரிப்பதைவிடக் குழம்பு மேல். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் 50 கிராம் 260 கலோரி. 72 கிலோ உள்ள நம் உதாரணப் பெண் அதை நடந்து தீர்க்க ஒரு மணி நேரம் ஆகும். பாக்கெட்டை வாங்காமல் விட ஒரு நொடி.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் சங்குத்துறைக் கடற்கரை நடை நின்றுபோகும், பலருக்கு அப்படியே நின்றும் விடும். மழை மாதங்களுக்கு முன்கூட்டியே மாற்று வேண்டும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தண்டால், வராந்தாவில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடை. முட்டுவலி உள்ளவர்களுக்கு எல்லா மாதமும் இதுவே பொருந்தும்.

பலன்? 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் உணவும் நடையும் மாற்றியவர்கள் சராசரியாக 5.6 கிலோ இழந்தார்கள், சர்க்கரை வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் தொடர்ந்து ஆலோசகர் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இங்கே அந்த இடத்தை வீட்டில் சமைப்பவர்தான் நிரப்ப வேண்டும். ஒருவர் மட்டும் தனிச்சாப்பாடு சாப்பிடும் ஏற்பாடு நீண்ட நாள் ஓடுவதில்லை.

## மருத்துவர் எழுதும் மருந்து

ஆர்லிஸ்டாட், சாப்பாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு வருஷத்தில் போலி மாத்திரையைவிடச் சுமார் 3 கிலோ கூடுதலாக இறங்கும். தேங்காய்ச் சமையல் வீட்டில் இதற்கு ஒரு சங்கடம் உண்டு: தடுக்கப்பட்ட எண்ணெய் அப்படியே வெளியேறும், சில நேரம் சொல்லாமலே, உடுப்பில் கறையாக. வைட்டமின் ஏ, டி, ஈ, கே குறையும். தைராக்ஸினுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

பசியைக் குறைக்கும் ஊசிகள் வேறு தரம். செமாக்ளூடைடு என்ற ஊசியின் ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம் எடை இறங்கியது, போலி ஊசியில் 2.4. நம் உதாரணப் பெண்ணுக்கு அது பத்துக் கிலோவுக்கு மேல். டிர்செப்படைடு என்ற இன்னொரு ஊசியில் இன்னும் அதிகம். இந்தியாவில் டிர்செப்படைடு 2025 மார்ச்சில் வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375, வாரம் ஒன்று. அதாவது மாதம் 14,000 முதல் 17,500. இப்போதைய விலையை வாங்கும் நாளில் கேளுங்கள், இந்தச் சந்தை வேகமாக மாறுகிறது. மறைவான செலவு இரண்டு: குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்குப் பித்தப்பைக் கல், அதோடு, நிறுத்தினால் ஒரு வருஷத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. மூன்று மாதம் மட்டும் போட்டுப் பார்க்கும் காரியமாக இதை நினைக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | 3 மாதத்தில் எதிர்பார்ப்பு (72 கிலோ) | முக்கிய ஆபத்து | செலவு | சாப்பாட்டில் எதைத் தள்ளும் |
|---|---|---|---|---|
| கேப்சூல் | 0 முதல் 1 கிலோ | கல்லீரல் | டப்பா + எல்எஃப்டி இரண்டு | எதுவுமில்லை |
| கிரீன் டீ கோப்பை | சுமார் 1 கிலோ, பால் சாயாவுக்குப் பதிலாக என்றால் | இரும்புச்சத்து, தூக்கம் | மாதம் 500-600 | பால், சீனி |
| சீனியில்லாக் கட்டன் சாயா | அதே அளவு | அதேதான் | மாதம் 100-க்குள் | பால், சீனி |
| சாப்பாடும் நடையும் | 2 முதல் 4 கிலோ, ஒழுங்காகச் செய்தால் | முட்டுவலி, சலிப்பு | ஏறக்குறைய இல்லை | தேங்காய், எண்ணெய், பலகாரம் |
| ஊசி | அளவு கூட்டும் கட்டம். பெரும் பலன் பிறகு | குமட்டல், பித்தப்பை, திரும்ப ஏறுதல் | மாதம் ஆயிரங்களில் | பசி |

## யாருக்கு எது

பிஎம்ஐ 23-க்கும் 25-க்கும் இடையில், சர்க்கரையும் அழுத்தமும் சரி, நாளுக்கு மூன்று நான்கு பால் சாயா என்றால் கட்டன் சாயாவும் தேங்காய்க் கணக்குமே போதும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், கையில் ஏதாவது கோப்பை இல்லாவிட்டால் பலகாரத்தைத் தேடுகிறவர் என்றால் கிரீன் டீக்குக் காசு போடலாம்; அங்கே அது தள்ளுவது சாயாவை மட்டுமில்லை, வடையையும்.

பிஎம்ஐ 30-ஐ ஒட்டி, அல்லது 27-க்கு மேல் போய்ச் சர்க்கரை, அழுத்தம், குறட்டையோடு மூச்சுத் தடை, கல்லீரல் கொழுப்பு ஏதாவது ஒன்று இருந்தால் கேப்சூல் டப்பாவின் காசை மருத்துவர் கட்டணத்துக்கு வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள், 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கும் வருகிறார்கள். மேல் பரிசோதனைக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊசி வேண்டுமா என்பதை அங்கே பேச வேண்டும்.

கேப்சூல் எந்த இடத்திலும் முதல் தேர்வாக எங்களுக்குத் தெரியவில்லை. எங்காவது பொருந்தும் என்றால், கேஃபீன் பழக்கமே இல்லாத, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாத, கல்லீரல் சரியாக இருக்கிற, மற்றதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற ஒருவர் ஒரு கிலோவுக்காக அந்தச் செலவையும் கண்காணிப்பையும் ஏற்றுக்கொண்டால் மட்டும்.

## டப்பா ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

லேபிள் கணக்கைப் போடுங்கள். நாளுக்கு எவ்வளவு இஜிசிஜி என்று தெரியவில்லை என்றாலோ, 800-ஐத் தொட்டாலோ, கார்சீனியா கூட இருந்தாலோ நிறுத்திவிடுங்கள். குறைவாக இருந்தால் மதியச் சாப்பாட்டோடு மட்டும், பத்தியம் இருக்கும் நாளில் வேண்டாம். காய்ச்சல் வந்து பாரசிட்டமால் போடுகிற நாள்களிலும் தள்ளிவையுங்கள். பசியின்மை, வலப்பக்க மேல்வயிற்றில் பாரம், உடம்பு அரிப்பு, அடர்ந்த நிறச் சிறுநீர், மஞ்சள் கண், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்தி, அன்றே எல்எஃப்டி. டப்பாவைக் குப்பையில் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பின்பக்கச் சின்ன எழுத்துதான் அவருக்கு வேண்டியது.